இல்லை என்று சொல்கிறவள்

தையல்காரம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. இந்த வயதிலும் அவளைக் "குட்டி" என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவளுடைய அண்ணன். அறுபத்தொன்பதைத் தாண்டியவர், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அவருக்கு வாலிபத்திலேயே ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் வந்துவிட்டது. வாயில் நுழையாத அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. "மேனேஜர்" என்று சொன்னால் போதும், இருவருக்கும் புரிந்துவிடும்.

அப்போது அண்ணன் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. யாரும் இல்லாத இடத்தில் அவர் முதன்முதலாகக் கேட்ட குரல் அவருடைய மேனேஜரின் குரல் மாதிரியே இருந்தது. அண்ணன் வேலையை விட்டார். மேனேஜர் அண்ணனை விடவில்லை. குளிக்கும்போது கூப்பிடுவார், சாப்பிடும்போது திட்டுவார். ஒருநாள் மேனேஜர் உத்தரவு போட்டார் என்று அண்ணன் ரயில் தண்டவாளத்தில் போய்ப் படுத்துவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் காலைப் பிடித்து இழுத்துப் போட்டதால் உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று அண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"எது நிஜம், எது அவர் வேலைன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல குட்டி. இனிமே உன்னையே கேட்டுக்கறேன். எனக்குச் சமாதானம் சொல்லணும்னு பொய் மட்டும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்ணே."

நாற்பது வருஷமாக அந்த வீடு இந்த ஒரு பேச்சின் மேல்தான் நிற்கிறது. "கேக்குதா?" என்பார் அண்ணன். அவள் ஒரு கணம் காதைக் கொடுத்துவிட்டு, "இல்லண்ணே" என்பாள். "அப்ப சரி" என்று அவர் மறுபடி தேநீரைக் கையில் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்கள் இந்தக் கேள்வி பதிலைக் கேட்டுவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிய கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். மாத்திரைகள் பாதி வேலை செய்தன என்றால் அவளுடைய "இல்லண்ணே" மீதியைச் செய்தது. வயதாக ஆக மேனேஜரின் குரலும் தேய்ந்தது. "என்னண்ணே, மேனேஜர் லீவா?" என்று அவள் சீண்டினால், "ரிட்டையர் ஆயிட்டார் போலிருக்கு" என்று அண்ணன் சிரிப்பார்.

வீட்டின் முன்னறை அவளுடைய கடை. பழைய துணியைச் சரிசெய்கிற வேலை: பேன்ட்டைக் குட்டையாக்குவது, கோட்டுக்கு உள்துணி மாற்றுவது, ஜிப் போடுவது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு. அதைத் தாண்டினால் வெளிச்சம் எட்டாத ஒரு நடை, நடையின் தாழ்ந்த கூரையில் எரியாத ஒரு பல்பு, பக்கத்தில் வீட்டு ஓனர் திருகிவிட்டுப் போன வெள்ளை வட்டப் பெட்டி. புகை வந்தால் அலறும் என்று சொல்லியிருந்தார். அந்தப் பெட்டிக்குக் கீழே ஒரு நாற்காலி. அதுதான் அண்ணனின் ஆபீஸ். பழைய தையலை நூல் நூலாகப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. அந்த இருட்டில் விரலால் தடவியே பிரிப்பார், துணியில் ஒரு கீறல் விழாது.

தையல்காரம்மாவுக்கு அந்தக் கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். இத்தனை வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டியதில் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. அவள் அதை ஒத்துக்கொள்ள வேண்டுமே. வாடிக்கையாளர்கள் மேஜையைத் தட்டிக் கூப்பிட்டால், "இந்தக் காலத்து ஜனங்க வாயைத் திறந்தே பேச மாட்டேங்கறாங்க" என்பாள். டிவி சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்தாலும், அந்த இடியும் அவள் காதில் விழுந்ததில்லை.

குளிர் தொடங்கிய சமயத்தில்தான் அது ஆரம்பித்தது.

"குட்டி, சுவத்துக்குள்ள ஒரு குருவி இருக்கு," என்றார் அண்ணன். "ஒரே ஒரு தடவை கத்துது. அப்புறம் சும்மா இருக்கு. நான் மறந்த நேரம் பாத்து மறுபடியும் கத்துது. கேக்குதா?"

அவள் மெஷினை நிறுத்தினாள். நடைக்கு வந்து நின்று கவனித்தாள். உண்மையாகவே கவனித்தாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இல்லண்ணே."

"அப்ப சரி," என்றார். ஆனால் தேநீரை எடுக்கவில்லை. மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மேனேஜர் வேறு வேஷத்தில் திரும்பி வருகிறாரோ என்று நினைத்தாள். தண்டவாளம் கண்முன் வந்து நின்றது. அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் நிதானமானவர். "நிஜமாவே ஏதாவது சத்தம் இருக்குமோம்மா? குழாய், ஃபேன், பக்கத்து வீடு, இப்படி ஏதாவது?" என்று கேட்டார்.

"நான் அந்த வீட்லயேதானே டாக்டர் இருக்கேன். ஒரு சத்தமும் இல்ல," என்று அவள் அடித்துச் சொன்னாள்.

"இந்த வயசுல டோஸ் ஏத்த எனக்கே மனசு வரல. ஆனா அந்தத் தண்டவாளக் கதையை நினைச்சா சும்மா விடவும் பயமா இருக்கு." மருந்தைக் கூட்டினார். அதனால் கை நடுக்கம் கூடும் என்று நடுக்கத்துக்கான மாத்திரையையும் கூட்டினார். "மறதி வருதான்னு பாத்துக்குங்க. இந்த நடுக்க மாத்திரை வயசானவங்க மூளையைக் கொஞ்சம் மந்தமாக்கும்."

குருவி நின்றுவிட்டது. நின்றது என்றால், அண்ணன் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டாள்.

அந்த மூச்சு அடங்குவதற்குள் மறதி தொடங்கியது. சட்டைப் பொத்தான்களைச் சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்தார். இத்தனை வருஷம் போய் வந்த கழிப்பறைக்கு வழி தெரியாமல் சமையலறை மூலையில் நின்றார். ஒருநாள் அவள் ஒரு வக்கீலின் கோட்டுக்குப் புது உள்துணி போட்டு, தேய்த்து மாட்டி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால், அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு, அவள் போட்ட புதுத் தையலை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

"என்னண்ணே இது?"

"நீதானே பிரிக்கச் சொன்ன?"

யாரோ அடித்துவிட்ட பிள்ளையைப் போல அவர் விழித்தார். அவள் கோட்டை வாங்கிக்கொண்டு போய் மெஷினில் தலையைச் சாய்த்து அழுதாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணன் காற்றைப் பார்த்து "இல்ல" என்று சொல்லத் தொடங்கினார். கொஞ்சம் சும்மா இருப்பார். மறுபடி, "இல்ல." எதிரில் யாரும் கிடையாது, யாரும் எதுவும் கேட்டதும் கிடையாது. மேனேஜர் திரும்பி வந்து கேள்வி கேட்கிறார், அண்ணன் பதில் சொல்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். டாக்டருக்குப் போன் செய்து சொன்னபோது அவர், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா, வேறு இடத்தில் சேர்க்க வேண்டுமா என்று பார்க்க ஒரு நர்ஸை அனுப்புவதாகச் சொன்னார். அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணனைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு, இந்த வீட்டில் அவள் யாருக்கு "இல்லை" சொல்வாள்?

நர்ஸ் வந்தாள். நடையில் அண்ணனின் எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, நாடி பார்த்தாள், நாலு கேள்வி கேட்டாள்.

"இல்ல," என்றார் அண்ணன், எதற்கோ.

நர்ஸ் மேலே பார்த்தாள். காத்திருந்தாள். மறுபடியும் அண்ணன் "இல்ல" என்றார். மறுபடியும் நர்ஸ் மேலே பார்த்தாள்.

"ஏம்மா, இந்த பீப் சத்தத்தோட எப்படித்தான் குடித்தனம் பண்றீங்க? வந்து உக்காந்ததுலேருந்து எனக்கே தலை வலிக்குது."

"எந்த பீப்?"

நர்ஸ் கூரையில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினாள். "பேட்டரி தீந்துபோனா இது இப்படித்தான் விட்டு விட்டுக் கத்தும். உங்களுக்குக் கேக்கல? அது கத்தறப்ப எல்லாம்தாம்மா ஐயா 'இல்ல'ங்கறார். தனக்குத்தானே சொல்லிக்கறார்."

தையல்காரம்மா நின்று கேட்டாள். அவளுக்குக் கேட்டது அண்ணன் சொன்ன "இல்ல" மட்டும்தான். முக்காலியின் மேல் ஏறி, பெட்டியின் மேல் காதை ஒட்டி வைத்தாள். வெகுநேரம் கழித்து, துணியில் ஊசி இறங்குவதுபோல மெல்லியதாக ஏதோ ஒன்று பட்டது. பேயறைந்த முகத்தோடு இறங்கினாள். நர்ஸ் ஏறிப் பேட்டரியைக் கழற்றிவிட்டாள்.

டாக்டர் அவளைக் குறை சொல்லவில்லை. "உங்களை மட்டும் கேட்டதோட நான் நிறுத்தியிருக்கக் கூடாது," என்றார். கூட்டிய மருந்தைக் குறைத்தார், நடுக்க மாத்திரையையும் மெல்ல மெல்ல நிறுத்தச் சொன்னார். வேறு இடத்தில் சேர்க்கும் பேச்சையும் இப்போதைக்கு ஒத்திவைத்தார். "மருந்தால மங்கினது கொஞ்சம் திரும்பி வரும்மா. வியாதியாலயும் வயசாலயும் போனது வராது. எது எவ்வளவுங்கறது போகப் போகத்தான் தெரியும். முதல்ல உங்க காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க." காட்டினாள். காதில் மாட்டும் கருவிக்குச் சொல்லியிருந்தது, இன்னும் வந்து சேரவில்லை.

கொஞ்சம் திரும்பி வந்தது. கழிப்பறைக்கு வழி தெரிந்தது. பொத்தான்கள் நிறம் பார்த்துப் பிரிந்தன. ஒருநாள் அவளைப் பார்த்து, "உனக்கு முடி இவ்வளவு நரைச்சுடுச்சா குட்டி?" என்று பழைய குரலில் கேட்டார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால், அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக அதையும் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, அந்தக் குருவி நிஜம்ணே. என் காதுதான் சரியில்ல. நான் தப்பா இல்லன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் கையிலிருந்த பொத்தானைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ இத்தனை நாளா இல்லன்னு சொன்னதெல்லாம்?"

"அது ஒண்ணுதாண்ணே தப்பு. மத்ததெல்லாம் நிஜமாவே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியையும் மறந்துவிடுவார் என்று நினைத்தாள். எத்தனையோ மறந்தவர் இதை மட்டும் மறக்கவில்லை.

ஒரு மாலை. வக்கீல் தைக்கக் கொடுத்த இன்னொரு கோட்டை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். இருவரும் கடையிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசல்ல யாரோ கூப்பிடறாங்க," என்றார் அண்ணன். "கேக்குதா?"

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருஷத்துப் பழக்கத்தில் "இல்லண்ணே" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குமேல் வரவில்லை. வக்கீலாக இருந்தால்? மறுபடியும் இவரைப் பைத்தியக்காரர் ஆக்குவதா? டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"பாத்துட்டு வரேன்ணே."

"நான் கேட்டதுக்காக நீ கதவைத் திறந்து பாத்ததே இல்லியே," என்றார். அவர் குரலில் ஏதோ மாறியிருந்தது. அதைக் கவனிப்பதற்குள் அவள் கதவைத் திறந்திருந்தாள்.

தெரு காலியாக இருந்தது. எதிர்க்கடை ஷட்டர் போட்டிருந்தது. சுவரில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"யாரும் இல்லண்ணே," என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

அண்ணன் எழுந்து நின்றிருந்தார். சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். அவருடைய கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தன. அங்கிருந்து மெல்ல நகர்ந்து, அவளைத் தாண்டி, மெஷின் முன்னால் இருந்த அவளுடைய நாற்காலியில் வந்து நின்றன.

"அண்ணே," என்றாள்.

"கதவைச் சாத்து குட்டி. உள்ள வந்துட்டார்." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "இத்தனை வருஷம் வெளியிலயே நின்னாரு. நீதான் திறந்து விட்டுட்ட."

அவள் கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் குனிந்து மேஜைக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "கிளம்பணுமாம். எங்கன்னு சொல்றாரு பாரு. உனக்குக் கேக்கலியா?"

"இல்லண்ணே," என்றாள். "இல்ல. யாரும் இல்ல."

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, தங்கையின் மேல் ஓர் இரக்கம் இருந்தது.

"உனக்குத்தான் காது கேக்காதே குட்டி," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவருகே வந்து நின்றார்.