வரிசையைக் கெடுத்த ஆரஞ்சு பிரேக்கர்

பட்டறையில் எல்லோரும் அவளை அண்ணி என்றே அழைத்தார்கள். அங்கே ஃபிட்டராக இருந்தவன் அவளுடைய கொழுந்தன். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு லாரி ஓட்டுநர்கூட அந்த உறவில் பங்கு கேட்டுவிட்டார்.

அவள் தனியாக வடிவமைத்த முதல் மின் பேனல் அது. வாங்க வந்த ஆலையின் இன்ஜினியர் முன்னறையில் காத்திருந்தார். அவர் கண்ணெதிரே மோட்டார் ஓடினால் ஆர்டர் உறுதி; ஓடாவிட்டால் பேனலும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒத்திகையாகப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமியது, மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் பிரேக்கர் பட்டென்று விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது.

“பதினாறு ஆம்பியர் பத்தல அண்ணி. அறுபத்துமூணு போட்டுரட்டுமா? அசையவே அசையாது” என்றான் கொழுந்தன்.

“அசையாதுதான். அந்த வயர் இருபதுக்கு மேல தாங்காது. அது உருகி ஊத்தும், உன் பிரேக்கர் வேடிக்கை பாக்கும்.”

பேனலில் இருந்த பிரேக்கர் வரிசையை உற்றுப் பார்த்தாள். பன்னிரண்டும் கறுப்புக் கைப்பிடி. பன்னிரண்டிலும் ‘சி’ என்ற எழுத்து. கிளம்பும் நொடியில் ஏழெட்டு மடங்கு மின்சாரம் இழுக்கும் மோட்டாருக்கு, அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் ‘டி’ வகையை அல்லவா அவள் பட்டியலில் எழுதியிருந்தாள்?

“டி பதினாறு எங்க தம்பி?”

கொழுந்தன் ஸ்குரூடிரைவரின் நுனியை ஆராய்ந்தான்.

“வந்துச்சு. வேற கம்பெனி. கைப்பிடி ஆரஞ்சு. பதினோரு கறுப்புக்கு நடுவுல பாக்கச் சகிக்கல. டிராயர்ல போட்டுட்டேன்.”

“அழகுப் போட்டிக்கா அனுப்புறோம்?”

“கதவைத் திறந்ததும் கண்ணுல படுறது அதானே அண்ணி.”

“மோட்டார் ஓடலன்னா அவர் கண்ணுல நாமதான் படுவோம். கொண்டா.”

மெயினை அணைத்துவிட்டு, கசப்பு மருந்து குடிப்பவனைப் போல் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை மாட்டினான்.

இன்ஜினியர் வந்தார். “விட்டு விட்டு அஞ்சு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். அண்ணி பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் மோட்டார் உறுமியது. ஆரஞ்சுக் கைப்பிடி இம்மியும் அசையவில்லை. ஐந்தாவது முறை முடிந்ததும் அவர் ஆர்டர் காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். பேனலை ஏற்றச் சொல்ல லாரியை நோக்கி நடந்தார்.

கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான்.

“சார் போயிட்டாரு. இப்பக் கழட்டிரலாமா அண்ணி?”

அவள் பேனல் கதவைப் பூட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு இன்ஜினியரின் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.