கலவாயின் விரதம்

கோப்பாயில் தோட்டம் செய்யும் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கிணற்றைக்கூட எட்டி நின்று பார்க்கிற நான் கடலில் மீன் எண்ணப் போனேன் என்றால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளே நம்பமாட்டார்கள். தொண்ணூற்றைந்துத் தொடக்கத்தில் சண்டை சில மாதம் ஓய்ந்து, கடல் கொஞ்சம் திறந்த நேரம். தொண்டைமானாற்று மீனவர் முத்துக்குமாரு அண்ணையின் வள்ளத்தில் குப்புறக் கிடந்து, அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி, முட்டையிட முருகைக்கல் என்கிற பவளப்பாறையில் கூடும் கலவாய் மீன்களை எண்ணினேன். நடுநடுவே கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியும் எடுத்தேன்.

அருகிக்கொண்டு போகிற மீன் அது; எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று அறியத்தான் எண்ணினேன். அந்தக் கூட்டத்தில் ஆண் ஒன்றுதான், எல்லாவற்றிலும் பெரியது. அது போனால் அந்தக் கல்லில் அந்த வருடம் குஞ்சில்லை.

கரைக்கு வந்ததும் அண்ணையின் மனைவி நாகேஸ்வரி அக்காவிடம் அந்த ஆண்மீனின் புகழ்தான். "என்ன உடம்பு அக்கா! என்ன சொண்டு!" பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் இப்படி வர்ணித்ததில்லை.

பௌர்ணமிக்கு முதல்நாள் அக்கா சிரித்துக்கொண்டே கரைக்குக் கூட்டிப்போனார்; அண்ணையும் கூட வந்தார். முழங்கால் தண்ணீரில் மீன்கூடு. உள்ளே அந்தப் பெரியவர்.

"மாஸ்டர், நீங்கள் ஆசைப்பட்ட மீன். இவர் கூடு வைச்சுப் பிடிச்சவர். மத்தியானம் எங்கடை வீட்டிலைதான் சாப்பாடு."

வாய்க்கு வந்த சாக்கைச் சொன்னேன். "இண்டைக்கு விரதம் அக்கா."

சிரிப்பு அணைந்தது. "ஓம். எங்கடை வாசலுக்கு வந்தால்தானே கோப்பாய் ஆக்களுக்கு விரதம் வாறது."

எங்கள் ஊரார் சாதி பார்த்து, கரையோர வீடுகளில் கைநனைக்காமல் தப்பத் தலைமுறையாகச் சொன்ன பொய். மீனைக் காப்பாற்ற அதையே எடுத்திருக்கிறேன்!

"ஐயோ அக்கா, விரதம் எனக்கில்லை, உவருக்கு!" கூட்டைக் காட்டினேன். "உவரின்ரை பெண்டுகள் இப்ப முட்டை இடப்போகினம். உவர் இல்லாட்டி ஒண்டும் பொரியாது. நான் புகழ்ந்தது தின்னுறதுக்கில்லை."

"அப்ப ஏன் உப்பிடி வாயூறிக் கதைச்சனீங்கள்?"

"என்ரை கதையே அப்பிடித்தான் அக்கா."

"மீனுக்குக் கலியாணத் தரகர்!" அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "மீன் போகட்டும். சாப்பாடு?"

"போடுங்கோ. சோறும் சொதியும் எனக்குக் காணும், மீன் வேண்டாம்."

கூட்டைத் தண்ணீரிலேயே இழுத்தபடி கல்லடிக்குப் போனோம். திறந்துவிட்டதும் மீன் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. நான் சத்தி எடுக்கவும் மறந்து பார்த்தேன். பிறகு வாலை ஒருமுறை அடித்துக் கீழே இறங்கிப்போனது.

மத்தியானம் சோறு, சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். மூன்றாம் முறையும் அக்கா அகப்பையோடு வந்தார். "காணும், வயிறு நிறைஞ்சுது" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விரதம் சொன்ன என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.