கடைசி அட்டை

புதுச்சேரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சிவசங்கரி அக்கா என் முகத்தில் பிளீச்சிங் கிரீமை அப்பினாள்.

"போட்டோ எடுப்பாங்கடா. அடுப்புக்கரி மாதிரி போயி நிக்காத."

"கருப்பா இருக்கறவங்கதான் வேணும்னு கேட்டிருக்காங்கக்கா."

"அதுக்குன்னு இவ்ளோவா?"

எங்கள் அண்ணன் பாண்டியன் கொரோனாவில் செத்தான். மூச்சு வாங்கியபடி ஆஸ்பத்திரிக்குப் போனவனின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார்கள். தொண்ணூற்றைந்து காட்டியது. ஆக்சிஜன் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆள் இல்லை. கருப்புத் தோலில் அந்தக் கருவி சில நேரம் கூட்டிக் காட்டும் என்று பின்னால்தான் படித்தேன். அவனுக்கும் அப்படித்தான் ஆனதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புதிய கருவியைச் சோதிக்க ஆள் தேடுகிறார்கள் என்றதும் பெயர் கொடுத்தேன். எங்கள் தோலிலும் அது சரியாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் டாக்டர் முபீனா நிற அட்டைகளை என் நெற்றியில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த நெறத்துக்கு ஆள் சேந்துட்டாங்க. கடைசி அட்டைக்குத்தான் யாரும் கெடைக்கல."

கருப்பு என்று இரண்டு பெண் வீட்டார் என்னை வேண்டாம் என்றிருக்கிறார்கள். கருப்பு போதாது என்று திருப்பி அனுப்பப் பார்த்தது இவர்தான்.

"மேடம், அக்கா பிளீச் போட்டு வுட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். "கிளிப்ப நெத்தியிலயா மாட்டப்போறோம்? வெரலக் காட்டுங்க."

நகத்தைச் சுற்றி, நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியின் வெள்ளை மண். எவ்வளவு கழுவினாலும் போகாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் கடைசி அட்டையை ஒட்டி வைத்தார். அட்டை எது, விரல் எது என்று தெரியவில்லை.

முகமூடி வழியாக ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்தார்கள். தலை சுற்றியது. கிளிப்பு தொண்ணூற்றிரண்டு என்றது. மணிக்கட்டில் எடுத்த ரத்தத்தில் உண்மை அளவு எண்பத்தெட்டு.

"இத சரிபண்ணாம வெளிய வுட மாட்டோம்," என்றார் முபீனா. "ஆனா நீங்க ஒருத்தர் பத்தாது."

அக்காவுக்குப் போன் போட்டேன். "நான் கடைசி அட்டை, அக்கா."

"பெரும வேற." பிறகு அவளே சொன்னாள்: "பாண்டியன் உன்னவிடக் கருப்புடா. அவனுக்கு அட்டையே இருந்திருக்காது."

மறுநாள் சாயங்காலம் கம்பெனி வாசலில், ஷிப்ட் மாறும் கூட்டத்தில் நின்று கேட்டேன்.

"என்ன மாதிரி கருப்பு யாருடா இருக்கீங்க?"

"ஒன்ன மாதிரியா?" சூளையில் வேலை செய்யும் கொளஞ்சியப்பன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி என் கைக்குப் பக்கத்தில் வைத்தான். "நல்லாப் பாருடா. எவன் கருப்பு?"