எலி கடித்த வயர்

ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து அவள் துழாவிக்கொண்டிருந்தபோது, சீட்டில் கிடந்த போனிலிருந்து கணவரின் குரல் மறுபடியும் வந்தது. "முட்டிக்கு நேர் மேல பாரு. பதினாறு ஓட்டை இருக்கும், அதுல சொருகு."

அவர் வீட்டுக்குள் கட்டிலில் கிடந்தார். ஜன்னல் வழியே காரின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். நர்ஸ் பக்கத்தில் நின்று போனை அவர் வாயருகே பிடித்திருந்தாள். இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் பத்து மணிக்கு, அவர் வரவழைத்திருந்த, வண்டியின் கோளாறைக் காட்டும் கருவி பார்சலில் வந்து இறங்கியதும், மனுஷருக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னார்.

முப்பது வருஷமாக அந்த வீட்டில் இதுதான் ஏற்பாடு. ஓட்டுவது அவள், கழற்றி மாட்டுவது அவர். அவள் டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவள். குடிநீர் அலுவலகத்தில் கோப்பு புரட்டிய அவர் லைசென்சே எடுத்ததில்லை. ஆனால் பானெட்டைத் திறந்துவிட்டால் சாப்பாடு மறந்துபோகும்.

பத்து நாளைக்கு முன், வேண்டாம் வேண்டாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், நடுங்குகிற கையோடு ஸ்பார்க் பிளக் நாலையும் மாற்றினார். மறுநாளே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி உதறியது. ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்றதற்கு மறுத்துவிட்டார்.

"எவனோ வந்து என் கைமேல குத்தம் சொல்லிட்டுப் போவான். நான் போறதுக்குள்ள எனக்குத் தெரியணும். வண்டியா, என் கையா?"

கருவி பொருந்தியது. சின்னத் திரை மினுங்கியது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்களோடு இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். அப்போதுகூட இப்படிப் படபடத்ததில்லை. திரையில் கோளாறு எண் வந்ததும் படித்துச் சொன்னாள்.

"மூணாவது சிலிண்டர். தீ சரியா விழல. தொற, தொற."

நாடி தாறுமாறாக ஓடுகிறது, பேசாமல் இருங்கள் என்று நர்ஸ் கெஞ்சுவது கேட்டது. இத்தனை நாள் தூங்கிய நாடிக்கு இன்றைக்காவது வேலை இருக்கட்டுமே என்றார் அவர்.

பானெட்டைத் தூக்கி, போனை ஓரமாக வைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல மேல்மூடியைக் கழற்றினாள். நாலு பிளக்குகளின் தலையிலும் வயர் முனையை அசைத்துப் பார்த்தாள். முதல் இரண்டும் கெட்டி. மூன்றாவது பாதிதான் இறங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். டிக் என்று பூட்டு விழுந்தது. அவ்வளவுதான் சங்கதி. அவர் கைதான்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

அவள் போன் பக்கம் குனிந்தாள். "எலிங்க. வயரக் கடிச்சு வச்சிருக்கு. டேப் சுத்திட்டேன்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

"அத ஒண்ணும் திட்டாத, டிரைவரம்மா. வயசான எலி. கை நடுங்கியிருக்கும்."

அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்போடு அழுகையும் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கருவியில் பதிவை அழித்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. உதறல் இல்லை. மிதி, இன்னும் கொஞ்சம் மிதி என்று அவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் உற்சாகமாக மிதித்தாள். அவர் கேட்பது நின்ற பிறகும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வாசலுக்கு வந்து நின்றாள். போன் அவள் கையில் தொங்கியது.

அவள் வண்டியைவிட்டு இறங்கி உள்ளே ஓடி அவர் கையைப் பிடித்தாள். நடுக்கம் நின்றிருந்தது. அவள் விரல் கிரீஸ் அவர் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. நர்ஸ் ஈரத்துணி கொண்டுவந்து துடைக்கக் குனிந்தாள்.

"தொடைக்காதம்மா, இருக்கட்டும்," என்றாள் அவள். "இப்பதான் வேலைய முடிச்சாரு."

வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.