நடுத்தூணில் புற்று

ஆடி இரண்டாம் வெள்ளி. கூடத்தைப் பெருக்கும்போது நடுத்தூணின் அடியில் ஒரு பிடி மண் இருந்தது. செல்வாம்பாள் அதைப் பெருக்கித் தள்ளினாள். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் மண் இருந்தது. ஈரமாக, கூம்பாக.

பக்கத்து வீட்டுக் கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். கமலா குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"புத்துக்கா. ஆடி மாசம் பாத்து வந்துருக்கா. தொடப்பத்தால தொட்டியா?"

"நேத்து பெருக்கிட்டேன்."

"மஞ்சத் தண்ணி தெளிச்சி மன்னிப்பு கேட்டுக்கோ."

"கரையான் போலன்னு பாத்தேன்."

"கரையான் இல்லாம புத்தை வேற யாரு கட்டுவா? கட்டுறது அது. குடியிருக்கிறது அவ. வீராம்பட்டினம் அம்மன் தேருக்கு ஊரே போவுது. உனக்குத் தேரு வீட்டுக்குள்ளயே வந்துடுச்சி."

செல்வாம்பாள் தம்பிக்குப் போன் செய்தாள். வீட்டில் எது நடந்தாலும் தம்பிக்குச் சொல்வது வழக்கம். வீடு அவன் பெயரில் இருந்தது.

முத்தியால்பேட்டையில் குறுகலான தெரு. அதில் மிச்சமிருந்த ஓட்டு வீடு அது ஒன்றுதான். அப்பா சாமிக்கண்ணு மில் வேலையில் இருந்தபோது கட்டியது. கூடத்தின் நடுவில் ஒரு மரத்தூண். தூணின் மேல் உத்தரம். உத்தரத்தின் மேல் மொத்தக் கூரையும்.

சாகும் முன் அப்பா வீட்டை மகன் அரிகிருஷ்ணன் பெயருக்கு எழுதினார். கணவன் விட்டுப்போன மகளுக்கு எழுதவில்லை. வாயால் ஒன்று சொன்னார். தன் தம்பி ஜானகிராமனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்த வீடு நிக்கிற வரைக்கும் செல்வா இதுலதான் இருப்பா. எவனும் அவள எழுந்திருன்னு சொல்லக்கூடாது."

அரிகிருஷ்ணன் அப்பாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அவன் சத்தியத்தை மீறியதில்லை. உழவர்கரையில் மாடி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். இங்கே வரும்போது மட்டும், பேசிக்கொண்டே, சுவரிலிருந்து சுவருக்குக் குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட வைத்து நடப்பான். எண்ணுவதுபோல் வாய் அசையும்.

"தெரு முழுக்க மாடி ஆயிடுச்சி. நாமதான் ஓட்டுக்கடியில கெடக்குறோம்" என்பான்.

"நான் போனப்புறம் கட்டிக்கோடா."

"சேச்சே, உன்ன சொல்லலக்கா."

அவனுக்குச் சாமி கிடையாது. அப்பாவின் காரியத்திலேயே திருநீறு பூசாமல் நின்றவன். புற்றைக் காலால் எட்டி உதைப்பான் என்று செல்வாம்பாள் பயந்தாள். அவன் வந்தான். குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்தான். பிறகு தூணை விரல் மூட்டால் கீழிருந்து மேலாகத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

"என்னடா பாக்குற?"

"சும்மா."

எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

"கலைக்க வேணாங்கா. இருக்கட்டும்."

"நீயாடா சொல்ற?"

"வயசாவுதில்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை அவனே பால் பாக்கெட்டோடு வந்தான். செல்வாம்பாள் பாலை ஊற்றும்போது கைகட்டி நின்றான். புற்று பாலைக் குடித்தது. அதற்கடுத்த வெள்ளியும் வந்தான். அதற்கடுத்ததும்.

அவள் பீச் ரோடு பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை செய்தாள். அங்கே எல்லோரிடமும் சொன்னாள். அம்மன் வீட்டுக்கு வந்ததைவிட, தம்பியை மாற்றியதுதான் பெரிது என்றாள். சொல்லும்போது கண் நிறைந்தது.

புற்று இடுப்பளவு வளர்ந்து தூணைச் சுற்றிக்கொண்டது. மஞ்சள் துணி கட்டினாள். துணிக்கு மேலே தூணின் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. அம்மன் வந்த வீட்டில் அம்மை போட்டதுபோல் இருந்தது. அதன் மேலும் மஞ்சள் பூசினாள். கொல்லைக் கதவு நிலையில் சிக்கி, தோளால் இடித்தால்தான் திறந்தது. மழையில் மரம் ஊறியிருக்கும் என்று நினைத்தாள். மழை நின்ற பிறகும் அது அப்படியே இருந்தது.

ஐப்பசியில் ஈசல் வந்தது. வெளியிலிருந்து விளக்குக்கு வரும் ஈசல் இல்லை. கூடத்துச் சுவரின் விரிசலிலிருந்து புறப்பட்டு வந்தது. காலையில் தரையெங்கும் இறக்கை. துடைப்பம் போடாமல் கையால் கூட்டி அள்ளினாள்.

தூணிலிருந்து உத்தரத்துக்கு ஒரு மண்கோடு ஏறியது. பென்சில் தடிமன். கமலா அண்ணாந்து பார்த்தாள்.

"ஏறுறா பாரு."

"எங்க ஏறுறா?"

"அதெல்லாம் நாம கேக்கலாமா?"

கோடு வளைந்து அப்பாவின் படத்துக்கும் போயிருந்தது. செல்வாம்பாள் படத்தைக் கழற்றினாள். முன்பக்கம் அப்பா இருந்தார். பின்பக்கம் அட்டை இல்லை.

அந்த வாரம் தம்பியிடம் கேட்டாள்.

"மருந்து அடிக்கலாமாடா? எங்க விடுதில அடிச்சாங்க. புத்த விட்டுட்டு மத்த எடத்துல மட்டும்."

அரிகிருஷ்ணன் பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து அவளிடம் நீட்டினான்.

"மருந்து மண்ணுக்குள்ள எறங்கும்கா. உள்ள இருக்கிறவளுக்கு ஏதாவது ஆச்சின்னா? பாவம் யாருக்கு?"

அவள் வெட்கப்பட்டாள். தம்பிக்கு இருக்கும் பயம்கூடத் தனக்கு இல்லை என்று நினைத்தாள். அன்று கூடுதலாக ஒரு சூடம் ஏற்றினாள்.

தை மாதம் அவன் மகள் கவிநிலாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். செல்வாம்பாள் அத்தை முறைக்குச் சீர்த் தட்டோடு உழவர்கரைக்கு முதல் நாளே போனாள். சமையல்கட்டை ஒட்டிய அறையில் வாழைக்காய் சீவ உட்கார்ந்தாள். சுவரோரமாகத் தரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளியில் ஒரே வரிசையாகச் சுவரோடு திரும்பி அடுத்த அறைக்குள் போயின.

தம்பி மனைவி சிவசங்கரி வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்னம்மா, தரைக்குப் பொட்டு வச்சிருக்க?"

"கரையான் மருந்து அண்ணி. ஓட்டை போட்டு, உள்ள ஊத்தி, வெள்ளை சிமெண்ட்டால அடைச்சிட்டாங்க. வீடு சுத்தி அடிச்சிருக்கு."

"இங்கயுமா வந்துச்சி?"

"தோட்டத்துல புத்து. தென்னைக்குப் பக்கத்துல. இவரே கடப்பாரையால பேத்து, வெந்நீர ஊத்திட்டாரு."

"எப்போ?"

"ஆடிலதான். உங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுத் திரும்புனாரு இல்ல, அன்னிக்கே. ஒவ்வொரு கதவா தட்டித் தட்டிப் பாத்தாரு. பேய் புடிச்ச மாதிரி." சிவசங்கரி சிரித்தாள். "நான்கூட சொன்னேன், அண்ணி வீட்டுக்கும் சேத்து அடிச்சிடுங்கன்னு. அது பழைய வீடு, இருக்கட்டும்னாரு."

செல்வாம்பாள் காயைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

"காயி தீந்துடுச்சி அண்ணி. காம்ப சீவுறீங்க."

மறுநாள் சடங்கில் தட்டை வைத்தாள். கவிநிலாவின் தலையில் மஞ்சள் நீர் ஊற்றினாள். தம்பி பந்தியில் அவளுக்கு எதிரில் நின்று, "அக்காவுக்கு இன்னொரு வடை வைங்கப்பா" என்றான். சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றாமல் தூணிடம் போனாள். அன்றைக்கு அவன் தட்டியதுபோல விரல் மூட்டால் தட்டினாள். தலை உயரத்தில் மரம் மரமாக ஒலித்தது. மார்பு உயரத்தில் தகர டப்பா. அதற்குக் கீழே சத்தமே இல்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து குத்தினாள். பிடி வரைக்கும் போனது. தடுக்க ஒன்றும் இல்லை.

கொல்லைக் கதவின் நிலையைத் தட்டினாள். டப்பா. ஜன்னல் சட்டம். டப்பா. உத்தரத்துக்குக் கை எட்டவில்லை.

ஈசல் இறக்கையை அள்ளிய கைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எல்லாமே அவள் கண்ணில் பட்டிருந்தன. பட்ட ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசியிருந்தாள்.

விடுதிக்கு மருந்து அடித்தவருடைய நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் சொன்னார்.

"சனிக்கிழமை வரேம்மா. தூணுக்கு முட்டுக் கொடுத்துட்டுதான் வேலையே ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

அன்று வியாழன். மறுநாள் வெள்ளி. தம்பி பால் கொண்டுவருவான். செருப்பைக் கழற்றுவான். கை கட்டி நிற்பான்.

அதை இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது. அவன் வந்து நிற்கும்போது அங்கே வெறும் தரை இருக்க வேண்டும். பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அவன் விழிப்பதை அவள் பார்க்க வேண்டும்.

அப்பாவின் கடப்பாரை கொல்லையில் இருந்தது.

முதல் குத்துச் சத்தத்துக்கே கமலா வந்துவிட்டாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"அக்கா, என்ன பண்ற?"

"பாத்தா தெரியல?"

"வேணாங்கா. வாயில்லா சாமி."

"வாயில்லாததா? வீட்டையே தின்னிருக்கு."

"பைத்தியமா புடிச்சிருக்கு? இரு, தம்பிக்குப் போன் பண்றேன்."

"பண்ணு. பால் வாங்க வேணாம்னு சொல்லு."

மேலோடு கல்லாக இருந்தது. அது உடைந்ததும் உள்ளே பஞ்சு. அறை அறையாக, தேன்கூடு போல. வெள்ளைப் பூச்சிகள் வெளிச்சத்தில் குருடாக ஓடின. பாம்பு இல்லை. வேறு யாரும் இல்லை. மஞ்சள் துணி மண்ணோடு சரிந்தது. அவள் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினாள். பெரிய துண்டாகப் பெயர்ந்து வந்தது.

தூணுக்குக் கால் இல்லை. முழங்கால் உயரத்தில் சல்லடையாக முடிந்திருந்தது. இத்தனை நாளும் மண்தான் அதைத் தாங்கியிருந்தது.

மேலே ஏதோ நீளமாக முனகியது. ஓர் ஓடு விழுந்தது.

கமலா உள்ளே பாய்ந்து, அவள் முந்தானையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள். தூண் ஒரு பக்கமாக மடங்கியது. உத்தரம் அதன் மேல் இறங்கியது. கூடத்தின் கூரை முழுக்க உள்பக்கமாகச் சரிந்தது. சத்தம் ஓய நேரமானது. தெருவில் தூசி நின்றது.

"நான் சொன்னேன்" என்றாள் கமலா. அவள் இன்னும் முந்தானையை விடவில்லை. "நான் சொன்னேனா இல்லையா?"

வெள்ளிக்கிழமை காலை அரிகிருஷ்ணன் சித்தப்பா ஜானகிராமனை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். கையில் பால் பாக்கெட் இருந்தது. கமலா போனில் சொல்லியும் வெள்ளிக்கிழமைப் பழக்கத்தில் வாங்கிவிட்டதாகச் சொன்னான். தெருவில் இருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். கமலா தான் கண்டதை எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

சித்தப்பா ஓட்டுக் குவியலைக் கைத்தடியால் தள்ளிப் பார்த்தார்.

"யாரு கடப்பாரைய எடுத்தது?"

"நான்தான் சித்தப்பா."

"புத்து மேல கடப்பாரை. ஏன், பெத்த வயித்துல போடுறது?"

"எனக்குப் புள்ள இல்ல. இருந்த வீடும் இவனால போச்சி."

அரிகிருஷ்ணன் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"உன் வீட்டுப் புத்தை யார கேட்டுப் பேத்த?"

அவன் திடுக்கிடவில்லை.

"அது தோட்டத்துல வந்தது."

"உன் வீட்டுக்கு மருந்து. என் வீட்டுக்குப் பாலு."

"நீ கும்பிட்ட, நான் வாங்கித் தந்தேன். வாங்காதன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

கமலா, "அந்தத் தம்பி வாரம் தவறாம வந்துச்சிப்பா" என்று பொதுவாகச் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள்.

செல்வாம்பாள் சித்தப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் வார்த்தையைக் கேட்டவர்களில் தம்பியை விட்டால் அவர் ஒருவர்தான் இருந்தார்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணன் சொன்னது வீடு நிக்கிற வரைக்கும். அத இவன் காப்பாத்திட்டான். நிக்கிறத இடிச்சது இவன் இல்ல. நான் என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

"எங்க வீட்ல பின்னாடி ஒரு ரூம் இருக்குக்கா" என்றான் அரிகிருஷ்ணன். "இன்வெர்ட்டர் வச்சிருக்கோம். எடுத்து ஓரமா வச்சிடலாம். வா."

"எவ்வளவு நாளைக்கு?"

"வா, பாத்துக்கலாம்."

அவன் கையிலிருந்த பால் பாக்கெட்டை அவள் வாங்கிக்கொண்டாள். சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். சமையலறை தனிக் கூரை. தகரம். அது நின்றது. அடுப்பைப் பற்ற வைத்துப் பாலைக் காய்ச்சினாள். ஒரு டம்ளர் காபி போட்டாள். அவள் குடிப்பதற்கு.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவு இப்போது இல்லை. நிலை வழியாகப் பார்த்தாள். சித்தப்பா வாசலில் யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அரிகிருஷ்ணன் கூடத்துக்குள் வந்திருந்தான். செருப்பைக் கழற்றவில்லை. ஓடுகளை ஓரமாகத் தள்ளி வழி செய்துகொண்டு, சுவரோடு குதிகாலை ஒட்டினான். ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதம். வாய் அசைந்தது.

"நல்லா அளந்துக்கோடா" என்றாள். "நடுவுல தூண் இல்ல இப்ப."

அவனுக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. சுவருக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினான்.