மாஸ்டரின் பித்தளைக் கரண்டி

வெள்ளிமலையில் எழில்மதி பேக்கரி திறந்த முதல் வாரம், கேக்கெல்லாம் அடுப்பில் பொங்கி எழுந்து நடுவில் குழி விழுந்தன. கள்ளக்குறிச்சியில் ஆதிமூலம் மாஸ்டரிடம் வேலை பார்த்த ஆறு வருஷமும் போட்ட அதே அளவுதான். மலையில் காற்றழுத்தம் குறைவு, மாவு வேகும் முன்பே உப்பி அமுங்கிவிடுகிறது என்று நாலு தட்டு கேக்கைக் குப்பையில் கொட்டிய பிறகு புரிந்தது. பேக்கிங் பவுடரைக் குறைத்தாள், ஒரு முட்டை கூட்டினாள். கேக் நின்றது.

சேதி கேட்டு மாஸ்டரே பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் கடையில் அவருடைய பித்தளைக் கரண்டியால்தான் பவுடர் அளக்க வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அதையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"என் அளவுலயே கை வெச்சிட்டியா? இன்னா தைரியம் உனக்கு!"

"அப்ப நீங்களே போடுங்க மாஸ்டர்."

போட்டார். அரை மணி நேரத்தில் அவருடைய கேக்கிலும் குழி விழுந்தது.

"அடுப்புல சூடு ஜாஸ்தி" என்றார்.

எழில்மதி அதே அடுப்பில், அதே சூட்டில் தன் மாவை வைத்தாள். கேக் அமுங்காமல் வந்தது. மாஸ்டர் அதை விரலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, கரண்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அத வெச்சிட்டுப் போங்க மாஸ்டர்" என்றாள் எழில்மதி. "டீக்குச் சர்க்கரை போட ஆவும்."