பிழையில்லாத நகல்

திரையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் மேலிருந்து பார்த்தாள். டி.என்.ஏ.வைப் பார்த்து நகலெழுதும் நொதி எங்கேனும் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் அங்கே சிவப்பு விழும். அந்தப் பிழைகளைக் குறைக்கத்தான் நொதியின் உடம்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷங்கள் அதிலேயே போயிருந்தன. இப்போது துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். இந்த வருஷத்தோடு மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்த வேலை அது. மூடினால் அவளும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"பொழச்சோம்மா" என்றார். சாயங்காலம் மேலிடத்திலிருந்து கூப்பிடுவார்கள், சொல்லிவிடுகிறேன் என்று போனார். அதன்பிறகு குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் மிஞ்சியது. சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையுறையை மாட்டினாள், கழற்றினாள்.

வாயாடிக்குப் போன் போட்டாள். பக்கத்து மேசையில் இருந்தவள், வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இருந்தவரை இருவருக்குமாக அவளே பேசிவிடுவாள்.

"அடியே ஊமைக்கோட்டான்! நீயா கூப்பிடுற? இன்னைக்கு மழை கொட்டப்போகுது."

இவள் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"ஒண்ணுகூட இல்லையா? நெசமாவா? பழசையெல்லாம் ஒழுங்கா அழிச்சியாடி? அதை எப்பவும் நான்தானே செய்வேன்."

நகலெடுத்து முடித்தபின் குழாயில் பழைய டி.என்.ஏ.வும் மிஞ்சிக் கிடக்கும். பழையதை மட்டும் கடித்துத் துண்டாக்கும் வேறொரு நொதியைத் துளி விட வேண்டும். வாயாடி தன் குழாய்களுக்கு விடும்போது, கேட்காமலே இவளுடையவற்றிலும் விட்டுவிடுவாள். பதிலுக்கு இவள் இருவருடைய தட்டுகளையும் கழுவி வைப்பாள். நாளடைவில் அப்படி ஒரு வேலை இருப்பதே இவள் நினைவிலிருந்து போய்விட்டது. அவள் போனபிறகு செய்த முதல் சோதனை இது. தட்டுகளை மட்டும் கழுவி வைத்திருந்தாள்.

"ம். அழிச்சேன்" என்றாள்.

"சமர்த்து. சரிடி, இங்க கூப்பிடுறாங்க. அப்புறம் பேசறேன்."

போன் அடங்கியபிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை. திரையில் இருப்பது நகலே இல்லை, பழையதேதான். பழையதைப் பழையதோடு ஒப்பிட்டால் பிழை எங்கிருந்து வரும்? இவள் உருவாக்கிய நொதி ஓர் எழுத்துக்கூட எழுதாமல் சும்மா கிடந்திருக்கலாம். இதைக் கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள். அவளிடமும் பொய் சொல்லியாயிற்று. இனி யாரும் கேட்கப்போவதில்லை.

பேராசிரியரின் அறைக்கதவு திறந்தே இருந்தது.

"சார், அது நகல் இல்ல. பழசை அழிக்காம விட்டுட்டேன். நாம படிச்சது அதைத்தான்."

அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார்.

"திரும்பச் செஞ்சா?"

"என்ன வரும்னு தெரியல சார்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"என்னைத் தவிர யாருக்கும் தெரியாது சார்."

மேசைமீது அவர் போன் அதிர ஆரம்பித்தது. மேலிடம். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடிப் பரப்பில் அது ஒவ்வோர் அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.